நட்சத்திர ஓட்டின் முன்னால் சொன்னது

நானா,

இன்று காலை அருங்காட்சியகத்தில் நாம் காவல் நின்ற அறையின் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள், அந்த நட்சத்திர ஓட்டினை வேறு அறைக்குக் கொண்டுபோக. பெட்டிக்குள்ளிருந்து வந்த பழந்தூசு மணத்தில் உங்கள் நினைவு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் பிரெஞ்சில் ‘பொன்ஜூர்’ என்று வணக்கம் சொல்லிச் சொல்லி வாயும் ஓய்ந்துவிட்டது, காலும் ஓய்ந்துவிட்டது.

எழுநூறு வருடத்துக்கு முன் பாரசீகத்தில் ஓர் அடக்கத்தலத்தின் சுவரில் பதித்த நட்சத்திர ஓடு அது. நேரே பார்த்தால் மண்ணிறம். பக்கவாட்டில் குனிந்தால் செம்பும் பொன்னுமாய் மினுங்கும். விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்தை நீங்கள் தலையைச் சாய்த்து ஒவ்வொன்றாக வாசித்தீர்கள். பிறகு சிரித்தீர்கள்: “எழுத்துத் தெரியுது தம்பி. ஆனா இது அரபு இல்லை, பாரசீகம். ஒண்டும் விளங்கேல்லை.”

பன்னிரண்டு வருடம் ஒன்றாக நின்றோம்; அண்ணனை உங்கள் ஆட்கள் கூப்பிடுகிற மாதிரி உங்களை ‘நானா’ என்றே கூப்பிட்டேன். நீங்கள் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெரு, நான் நாலு ஒழுங்கை தள்ளி. ஆனாலும் ஒரேயொரு நாள் தவிர ஊரைப் பற்றிக் கதைத்ததில்லை.

பனி கொட்டிய ஒரு மத்தியானம். பார்வையாளர் எவருமில்லை. ஓட்டினைப் பார்த்தபடி சொன்னீர்கள்: “இதைக் கழட்டி வித்துப்போட்டாங்கள். அந்தச் சுவரிலை இதின்ரை இடம் இப்பவும் பள்ளமாத்தான் கிடக்கும்.”

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. தொண்ணூறில், முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று துவக்கோடு வந்து சொன்னவர்கள் எங்கள் தமிழ் இயக்கத்துப் பொடியன்கள்தான். எனக்கு அப்போது பதினேழு வயது.

“நீங்கள் குஞ்சு குருமானோடை நடந்து போகேக்கை நான் படலைக்குள்ளை நிண்டு பாத்தனான் நானா. அப்பா உள்ளை வா எண்டார். போயிட்டன்.”

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. “ஓம். கன பேர் பாத்துக்கொண்டுதான் நிண்டவை. உம்மா ஒரு வீட்டிலை தண்ணி கேட்டவ. படலை திறக்கேல்லை.”

உங்கள் தாய் தண்ணீர் கேட்டது எந்த வீட்டில் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் உங்கள் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, இருந்த தேநீரில் பாதியை எனக்கு ஊற்றினீர்கள்.

கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தபோதும் கேட்கவில்லை. நீங்கள் களைத்திருந்தீர்கள். நான் பயந்திருந்தேன்.

இப்போதெல்லாம் மெட்ரோவில் கண்ணை மூடினால், எங்கள் படலைக்கு வெளியிலிருந்து தண்ணீர் கேட்கும் ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. அன்று உண்மையாகவே கேட்டதா, பிறகு நானே உண்டாக்கிக்கொண்டதா, தெரியவில்லை. கேட்க நீங்களும் இல்லை. அந்தக் குரலோடுதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், நானா.