உறையக் கூடாத தொட்டி

திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்றுதான் இத்தனை வருடமும் உனக்குக் கடிதத்தைத் தொடங்கியிருக்கிறேன். இன்று அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கார் ஆலைக்கு அரசுப் பணம் கொடுக்கலாமா என்று முடிவு சொல்லும் குழுவில் உன்னைப் போட்டதிலிருந்து, போனில் அதைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அது நியாயம். கேள்வித்தாள் தயாரித்த வருடங்களில் நானும் உறவுக்காரப் பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்பியவள்தான். ஆனால் கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை. அந்தச் சந்தில் நுழைந்து எழுதுகிறேன். வேண்டுமானால் குழுவில் மற்ற நால்வர் முன்னும் இதைப் படித்துக் காட்டு. நான் வெட்கப்பட மாட்டேன்.

போன மாதம் நீ எழுதிய நான்கு வரியில் மூன்று வரி நலம் விசாரிப்பு. நான்காவது வரி முள். ஆறு வருடத்துக்கு முன் இதே ஆலைக்கு அரசு பணம் கொடுத்தபோது, கூடாது என்று ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கியது நீதானே அக்கா என்று கேட்டிருந்தாய். ஆமாம், நான்தான். அந்த வருடம் எங்கள் பள்ளிக் கூரைக்கு ஒதுக்கிய பணத்தை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மழை வந்தால் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஒழுகாத மூலையாகத் தேடுவார்கள். பள்ளி கூட்டும் ஆயா வாழ்நாளில் காரில் ஏறியதில்லை. அவள் வாங்கும் தீப்பெட்டியிலிருந்தும் வரி எடுத்துக் கார் முதலாளிக்குக் கொடுப்பதா என்று கூட்டத்தில் பேசினேன். கைதட்டினார்கள். நான் பேசியதில் தப்பும் இல்லை. அந்தப் பணத்தில் அவர்கள் கண்ணாடி மாளிகை மாதிரி ஓர் அலுவலகம் கட்டினார்கள், யாரும் வாங்காத ஒரு காரைச் செய்தார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதை. தேர்வில் தோற்றவனுக்குக் கருணை மதிப்பெண் போட்டு மேல்வகுப்புக்கு அனுப்பினால் அவன் அங்கேயும் தோற்பான் என்று எனக்குத் தெரியாதா?

அதற்கு அடுத்த வருடம் என் மகன் அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். இதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீ சொல்வதற்கு முன்.

ஆனால் ஒரு விஷயம். நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், பள்ளிச் சம்பளம் கட்டாத ஒரு பையனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அவன் அப்பா அந்தப் பணத்தைக் குடித்துவிட்டார். மூன்று நாள் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்தே பாடம் எழுதினான். நான்காம் நாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. நான் யாரைத் தண்டித்தேன், சொல்? இன்று முதலாளிகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் வேறு ஆட்கள். அப்பன் கையில் பணம் கொடுக்காதே என்றால் ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை கையில் கொடுக்க ஒரு வழி இருக்காதா? நீ படித்தவன், யோசி.

இனி உன் மருமகன் செய்தி. அவன் வீட்டுக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. ஆலையில்தான் இருக்கிறான். சம்பளம் நின்று நான்கு மாதம், மின்சாரத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் முப்பத்தேழு பேர் உள்ளே இருக்கிறார்கள். காரணம் அந்தப் பெயின்ட் தொட்டி. காரின் வெறும் தகரக் கூட்டை முழுசாக முக்கி எடுக்கிற தொட்டி, நம் பள்ளி வகுப்பறை இரண்டைச் சேர்த்த அளவு. அதற்குள் பெயின்டை பம்ப் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படம் ஒட்டப் பசை காய்ச்சும்போது கிளறுவதை நிறுத்தினால் அடியில் கட்டியாகிவிடும் அல்லவா, அதே கதைதான். ஒரு நாள் நின்றால் அடியில் படியும், சில நாள் நின்றால் குழாயெல்லாம் கல்லாகிவிடும். தொட்டி செத்த ஆலையை அரசு காப்பாற்றினாலும் பயனில்லை, வேறு யாரும் வாங்கவும் மாட்டார்கள். ஆகவே டீசல் வாங்கி ஜெனரேட்டர் போட்டு, முறை வைத்துச் சுழற்றுகிறார்கள். தொட்டியின் குணம் தெரிந்தவன் உன் மருமகன் ஒருவன்தான் என்பதால் அவனுக்கு முறையே கிடையாது, இரவும் பகலும் அவன்தான்.

சனிக்கிழமை துணி கொடுக்கப் போனேன். தூக்குவண்டி ஓட்டுகிறவரைப் புயல் என்று கூப்பிடுகிறார்கள். ஆமை வேகத்தில் ஓட்டுவாராம். அவர்தான் பின்வாசலைத் திறந்துவிட்டார். "டீச்சர், உங்க பையன் பெத்த புள்ளைய கூட இப்படி ஆட்டித் தூங்க வச்சிருக்க மாட்டான்" என்றார். "முதல்ல பெக்கட்டும்யா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான், ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முகம் வெளுத்திருந்தது.

அவர்கள் உன்மேல் நிறைய நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் மனதில் வை.

ஆசிகளுடன்,
அக்கா


வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் நேற்று வந்தது. முடிவு இன்னும் தள்ளிப் போகலாம் என்றும், மருமகனை வேறு வேலை பார்க்கச் சொல் என்றும் எழுதியிருக்கிறாய். முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு, எழுதாமல் விட்ட பதிலையும் படிக்கத் தெரியும். நான் அதைப் பற்றி இப்போது கேட்கவில்லை. அதைவிட அவசரமான ஒன்று.

என் மருமகள் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள் அல்லவா? செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் ஆறு பெண்கள் வந்து தலைவலி மாத்திரை கேட்டிருக்கிறார்கள். ஆறு பேரும் தங்களுக்கு அல்ல, ஆலைக்குள் இருக்கும் கணவருக்கு. இரண்டு பேர் வாந்தி என்றும் சொன்னார்களாம். அவள் கடையை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அத்தை, ஆறு பேருக்கு ஒரே நாள்ல தலைவலி வருமா? ஜெனரேட்டரை எங்க வச்சிருக்காங்க?" என்றாள்.

உள்ளேதான் வைத்திருக்கிறார்கள். முதல் ஜெனரேட்டர் வெளியில்தான் இருந்தது. கம்பெனி ஆட்கள் லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் இரண்டாவதைத் தொட்டிக் கூடத்துக்குள்ளேயே இழுத்து வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டார்கள். திறந்து வைத்தால் தூசி பெயின்டில் விழுந்து கெட்டுவிடுமாம். புகையை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறிகள் டீசலைக் குடிக்கும் என்று அவற்றையும் போடுவதில்லை. என் மருமகள் ஷட்டரில் அடித்து அடித்துச் சொன்ன பிறகு, மேலே இரண்டு ஜன்னலைத் திறந்திருக்கிறார்கள். போதாது, ஜெனரேட்டர் புகையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத விஷம், தூங்குவது மாதிரியே ஆளைக் கொண்டுபோய்விடும் என்கிறாள். அந்தத் தூக்கத்தை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். அவர்கள் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் நான்.

இரண்டு மாதத்துக்கு முன், குழுவில் சேர்ந்த அன்று, நீ கடைசியாகப் போனில் பேசினாய். ஆலைக்குப் பணம் வருமா என்று நான் கேட்டதற்கு, "பாக்கலாம்க்கா" என்றாய். அவ்வளவுதான். மறுநாள் ஆலை வாசலில் எல்லாரும் சாவு விழுந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஊரில் வேலை கிடைத்த வெல்டர் பெட்டியோடு விடைபெற வந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "என் தம்பி பேசிட்டான். பணம் வருது. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். தேர்வுக்கு முதல் நாள் அழுகிற பிள்ளை ஒவ்வொன்றிடமும், நீ பாஸாகிவிடுவாய், நான் பார்த்துவிட்டேன் என்று சொல்லியே பழகியவள் நான். அது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யில் பாதிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிப் பாஸாகியிருக்கிறார்கள். இது அந்தத் தேர்வு அல்ல என்பது என் மண்டையில் ஏறவில்லை. இங்கே எழுதுவது அவர்கள் அல்ல, நீங்கள் ஐந்து பேர். அவர்கள் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தாலும் ஒரு மதிப்பெண்கூட ஏறாது.

வெல்டர் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அந்த வேலை இப்போது வேறொருவருக்குப் போய்விட்டது. புயல் தன் மோட்டார் சைக்கிளை விற்று டீசல் வாங்கினார். நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு!

நாளைக் காலை போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். எனக்குத் தைரியம் வர வேண்டும் என்று நினைத்துக்கொள்.

அக்கா


ஞாயிறு காலை

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் கையில் தருகிறவள் உன் மருமகனின் மனைவி. தபாலை நம்பி இருக்க நேரமில்லை, நீ போனையும் எடுப்பதில்லை. முதலில் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடு. நேற்றிலிருந்து அவள் எதையும் தொடவில்லை.

நேற்று போய்ச் சொன்னேன். ஷட்டரைத் தூக்கச் சொல்லி, அத்தனை பேரையும் வாசலில் நிற்க வைத்து, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன். என் தம்பி எந்த உறுதியும் தரவில்லை, நானாகச் சொன்ன பொய் அது, பம்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றேன். திட்டுவார்கள், கல்லெறிவார்கள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்தார்கள். "புரியுது டீச்சர். சார் குழுவுல இருக்காரு. வெளியில தெரிஞ்சா அவருக்குத்தானே சிக்கல்" என்றார் வெல்டர். நான் இல்லை இல்லை என்றேன். "இப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாரு. நாங்க வாயே திறக்க மாட்டோம்" என்றார் புயல், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. நான் அழுதேன். அழுகையையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். பணம் நெருங்கிவிட்டது, அதனால்தான் டீச்சரை அனுப்பி மூடி மறைக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள், கைதட்டல் கேட்டது. ஆறு வருடத்துக்கு முன் எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். மதியத்துக்குள் இன்னும் இரண்டு பீப்பாய் டீசல் வந்து இறங்கியது.

ஒருவன் மட்டும் புன்னகை செய்யவில்லை. என்னை வயிற்றிலிருந்தே அறிந்தவன் அவன். நான் பொய் சொல்வதும் தெரியும், உண்மை சொல்வதும் தெரியும். "இவங்ககிட்ட நீ சொல்லுடா" என்று அவன் கையைப் பிடித்தேன். "சொன்னேன்னு வச்சுக்கம்மா, மாமாவே வந்து சொல்லட்டும்பாங்க. நான் வெளிய வந்துட்டா, தொட்டியப் பத்தி ஒண்ணும் தெரியாத ஒருத்தன் என் இடத்துல நிப்பான். எவனாவது உள்ள மயங்கி விழுந்தா தூக்கக்கூட அவனுக்குத் தெரியாது" என்றான். சொல்லி முடித்து ஐந்து நிமிடம் இருக்காது, திரும்பி நடந்தவன் கதவருகிலேயே மடங்கி விழுந்தான். வெளியே தூக்கி வந்து காற்றாடப் போட்டார்கள். கண் திறந்தான். நான் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து, "பம்ப் சத்தம் மாறுது" என்று உள்ளே போய்விட்டான். ஷட்டர் இறங்கியது.

போலீசைக் கூப்பிடலாம் என்று என் மருமகளிடம் சொன்னேன். போலீஸ் வந்தால் அவர்கள் அந்த இரண்டு ஜன்னலையும் மூடிக்கொள்வார்கள் என்றாள். அவள் சொன்னது சரி.

முடிவை மாற்று என்று நான் இனிக் கேட்க மாட்டேன். பொதுப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று உன் மனசாட்சிக்குப் பட்டதை எழுது. கூரை ஒழுகும் பள்ளிக்கு என்று எழுதினாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எழுதுவதற்கு முன் நீ ஒரு முறை இங்கே வர வேண்டும். இல்லை என்ற சொல் என் வாயில் வந்தால் அது ரகசியம். உன் வாயில் வந்தால்தான் அது நிஜமான இல்லை. இந்த உலகத்தில் அந்த ஷட்டருக்கு முன் நின்று இல்லை என்று சொல்லி அவர்களை நம்ப வைக்க உன் ஒருவனால்தான் முடியும். வேலை போனாலும் போகட்டும், குழுவை விட்டு விலக்கினாலும் விலக்கட்டும், விதிமுறை என்று ஒன்று இருந்தால் அதையும் மீறு. எனக்கென்று உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை.

அவள் கையில் உனக்கும் சேர்த்துத் திரும்பி வரும் டிக்கெட் இருக்கிறது. சட்டை மாற்றக்கூட நிற்காதே.

நீ நூறு வயது வாழ வேண்டும். உன் மருமகனுக்கு முப்பத்தொன்று நடக்கிறது. அவன் அதைத் தாண்ட வேண்டும்.

உன் அக்கா