பிர்னி வாசலைப் பார்க்கிறாள்

2025 ஜனவரி 23, வியாழன்

சங்கரா மீனை வேகவைத்து, முள் எடுத்து, ஆறவைத்துக் கொடுத்தேன். பிர்னி இரண்டு வாய் தின்றுவிட்டுப் போய்விட்டாள். இந்த வீட்டில் எனக்கு யாரும் முள் எடுத்துக் கொடுத்ததில்லை.

மகன் ஃபைசல் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து இப்படித்தான். கிளியனூர் ரோட்டில் மழையில் நனைந்து கிடந்த பூனைக்குட்டியைச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தவன் அவன். “பூனையெல்லாம் வேணாண்டா” என்று நான் கத்தியது திண்டிவனத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். இப்போது மகன் அங்கே, பூனை என் தலையில்.

சாயங்காலம் போன் வந்தது. எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்று நடந்து போனாலே தெரிந்துவிடும். எல்லா வீட்டிலும் ஸ்பீக்கர்தான். நானும் போனை ஷோகேஸில் சாய்த்து, சத்தத்தை முழுசாக வைத்தேன். “பிர்னிக் கண்ணு” என்று அவன் கூப்பிட்டதும் எங்கிருந்தோ பாய்ந்து வந்தாள். நேரே வாசலுக்கு ஓடினாள்.

“பாத்தியாடா, உன் குரல் கேட்டதும் எப்படி ஓடியாறா!” என்றேன். அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். எனக்கு ஒரே பெருமை.

ஜனவரி 29, புதன்

முன்காலில் முடி கொட்டுகிறது என்று நினைத்தேன். கொட்டவில்லை. நக்கி நக்கி அவளே எடுத்துவிடுகிறாள். தோல் சிவந்து தெரிகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஃபைசல் ஒரு யோசனை சொன்னான். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறேன், தட்டு வைக்கும்போது போட்டுக் காட்டு என்றான். “பிர்னி, சாப்டுமா... அண்ணன் சொல்றேன்ல?” போட்டேன். தட்டை விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். அவன் பைக் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து கத்தினாள். அது என்ன கத்தலோ, கேட்க முடியவில்லை.

இவருக்குக் கோபம். “பூனைக்கு இன்னா மனசு? பசிச்சா தானா துன்னும். இல்லன்னா கோட்டக்குப்பத்துல என் தங்கச்சி வூட்ல வுட்டுட்டு வர்றேன். இதப் பாத்துக்கினு நீயும் துன்றதில்ல” என்றார். உள்ளூர் ஆஸ்பத்திரியில் பிர்னியைக் காட்டினபோது வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். ஒன்றும் மாறவில்லை. விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மா பூனைக்கு நன்றாகப் பார்க்கிறாராம். அதையும் பார்த்துவிடுவோம். அதற்குப் பிறகு தங்கச்சி வீடோ என்னவோ.

பிப்ரவரி 6, வியாழன்

துணி வைக்கும் கூடையில் பிர்னியை வைத்து, மேலே என் பழைய துப்பட்டாவைக் கட்டி, பஸ் ஏறினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “இவங்க எங்க எறங்குறாங்க?” என்றார். எனக்கு இருந்த கவலையில் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. விக்கிரவாண்டி டோலில் பஸ் நின்றபோது உள்ளே விரலை விட்டேன். நடுங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அமலா வயிறு, பல், ரத்தம் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். பிறகு கேட்டார், “வீட்டுல யாராவது ஊருக்குப் போனாங்களாம்மா?”

“பையன் ஷார்ஜா போயிட்டான்” என்றேன்.

“இது ஏக்கம்மா. அடம்னு நெனச்சுத் திட்டாதீங்க. பசி எடுக்க மருந்து தர்றேன். ஆனா எந்த நேரத்துல ஏக்கம் ஜாஸ்தியாவுதுன்னு நீங்கதான் பாக்கணும். சாப்பாடு ஒரே நேரத்துக்கு வைங்க. கொஞ்சம் விளையாடுங்க. பூனை பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும், அசால்ட்டா இருக்காதீங்க.”

பையன் அறை எங்கே என்று கேட்டார். தூசி அடையாமல் பூட்டி வைத்திருக்கிறேன் என்றேன். “திறந்து விடுங்க” என்றார்.

வந்ததும் திறந்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். பூட்டும்போது இது எனக்குத் தோன்றவில்லையே!

பிப்ரவரி 11, செவ்வாய்

அவன் வேலை செய்யும் இடத்தில் நெட் இல்லையாம், இன்று போன் இல்லை. வீடே வெறிச்சென்று இருந்தது. நூலில் காகிதத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு கூடத்தில் ஓடினேன், இந்த மூட்டு வலியோடு. இரண்டு தடவை பாய்ந்தாள். அப்புறம் மத்தி மீனை முழுசாகத் தின்றாள்! அல்ஹம்துலில்லாஹ்.

பிப்ரவரி 12, புதன்

போன் வந்தது. ஓடினாள், வாசலில் கத்தினாள், தட்டைத் தொடவில்லை. காலை நக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான்தானா? ஆசையாகத் தினம் போட்டுக் காட்டினேனே — அவளுக்குக் குரல் கேட்கிறது, ஆள் வரவில்லை. தினமும் அவன் வருகிறான், தினமும் வராமல் போகிறான். போன் என்றால் அதற்கு என்ன தெரியும்? பெருமைப்பட்டேனே பாவி நான்...

இதை ஃபைசலிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லிவிட்டேன். மாடிக்குப் போய், இயர்போன் மாட்டிக்கொண்டு சொன்னேன். இனிமேல் ஸ்பீக்கரும் கிடையாது, உன் குரலைப் போட்டுக் காட்டவும் மாட்டேன் என்றேன்.

“அப்போ என் குரலே அதுக்கு ஆவாதாம்மா?”

“குரல் ஆவும்டா. பின்னாடியே நீ வரலியே, அதான் தாங்கல.”

“என்ன மறந்துடுவாளா?”

“அதெல்லாம் மறக்க மாட்டா. இப்ப அவ துன்னட்டும்டா.”

அப்புறம் அவன் சொன்னதுதான் இன்னும் காதிலேயே இருக்கிறது. “எனக்கும் அப்படித்தாம்மா. உங்ககிட்ட பேசிட்டு வெச்சதும் சோறு எறங்க மாட்டேங்குது. பாதி நாளு டப்பாவ மூடி வெச்சிட்டுப் படுத்துடுவேன்.”

தினமும் “சாப்டியா?” என்று கேட்கிறேன். “இனிமேதாம்மா” என்பான். இனிமேல் சாப்பிடுவான் என்றுதான் நினைத்தேன். குரலைக் கேட்டால் பிள்ளைக்குத் தெம்பாக இருக்கும் என்றுதான் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கூப்பிட வைத்தேன்.

“இனிமே துன்னுட்டுக் கூப்புடு. தட்டக் கழுவினப்புறம்தான் போன்” என்றேன். சரி என்றான். கீழே வந்து முகம் கழுவிக்கொண்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. இவரும் நானும் தோள் ஒட்டி உட்கார்ந்து மகனிடம் பேசுகிறோம். கல்யாணமான புதிதில்கூட இவர் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நோன்பு. கஞ்சி காய்ச்சும்போது பிர்னி காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முன்காலில் புது முடி, புல் முளைத்த மாதிரி. கோட்டக்குப்பம் பேச்சை இவர் எடுப்பதில்லை. யாருக்கும் தெரியாமல் நூலை இழுத்துக் காட்டுகிறார், நான் பார்த்துவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

எங்களுக்கு இன்று பெருநாள். அவனுக்கு நேற்றே. பிர்னிக்குப் பிரியாணியிலிருந்து கறி வேண்டுமாம், மசாலாவைக் கழுவிக் கொடுத்தேன். மகாராணி.

ஏப்ரல் 6, ஞாயிறு

போன் வந்ததும் முதலில் கழுவின தட்டைக் காமிராவில் காட்டினான். அதுதான் இப்போது சலாமுக்கு அடுத்தது. பிர்னி என் மடியில் கிடந்தாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டா? இயர்போனைக் கழட்டிட்டு, போனை அவ வயித்துக்கிட்ட வைம்மா. நான் பேச மாட்டேன். சத்தியமா.”

வைத்தேன். அவள் கர்கர் என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். அவன் பேசவில்லை. இவர்கூட டிவி சத்தத்தைக் குறைத்தார். பிர்னி கண்ணைத் திறக்கவில்லை, வாசல் பக்கம் தலையைத் திருப்பவும் இல்லை.

திரும்பக் காதில் மாட்டினபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

“குண்டாயிட்டாளாம்மா?”

“ஆயிட்டா. நீயும் ஆவு” என்றேன்.