நேரே வீட்டுக்குப் போகவில்லை

அப்புத்தளை, இலங்கை
18-9-1936

பிரியமுள்ள அண்ணன் நல்லகாமன் அவர்களுக்குத் தங்கை ஜெயக்கொடி எழுதிக்கொண்டது.

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்களும் சின்னத்தாய் மதினியும் மதினி வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். கப்பலில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாந்திதான். துணைக்கு வந்த பேச்சிமுத்து மாமாவின் சம்சாரம் என் தலையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்கள்.

அப்புத்தளை ஸ்டேஷனுக்கு அவுக தோட்டத்து லாரியைக் கொண்டு வந்திருந்தாக. கல்யாணம் முடிந்த மறுநாளே இங்கே திரும்பி வந்தவுகளை இப்போதுதான் சரியாக முகம் பார்க்கிறேன். வீடு பக்கந்தான், அரைமணி நேரம் என்றாக. ஆனால் நாங்கள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பாதி வழியில் ஒரு திருப்பத்தில் சோணை என்று இவுக கூட்டாளி ஒருவர் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார். ஓடி வந்தவர்போல மூச்சு வாங்கியது. “அண்ணே, இன்னும் ஆகலண்ணே” என்றார். இவுக என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “ரோடு சரிஞ்சு கெடக்காம். மேல ஒரு எடம் இருக்கு, வெள்ளக்காரனெல்லாம் பாக்க வார எடம். பாத்துட்டுப் போவம்” என்று லாரியை மலைமேலே திருப்பிவிட்டாக.

மலை அங்கே வெட்டிவிட்டாற்போல் முடிகிறது. கல்பெஞ்சு ஒன்று கிடக்கிறது. “அந்தா கடல் தெரியும், அந்தா ஆறு தெரியும்” என்று காட்டினாக. எனக்குத் தெரிந்ததெல்லாம் மூடுபனிதான். வெள்ளை வேட்டியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்ததுபோல. குளிரில் பல் தந்தியடித்தது. “போவமா” என்று எத்தனை தரம் கேட்டும் “செத்த இரு” என்றாக. வெகுநேரம் கழித்துப் பனி ஒரு கண்ணிமைக்கும் நேரம் விலகியது. இவுக கீழே எட்டிப் பார்த்துவிட்டு உடனே, “சரி, போவம்” என்று எழுந்துவிட்டாக. வருகிற வழியில் ரோடு எங்கேயும் சரிந்திருக்கவில்லை.

இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை பார்க்க நீங்கள் பங்குனியில் வந்துபோன இடந்தானே, உங்களுக்கு விளங்குகிறதா?

உங்கள் தங்கை
ஜெயக்கொடி


கருமாத்தூர்
29-9-1936

செல்வத் தங்கச்சிக்கு அண்ணன் நல்லகாமன் ஆசீர்வாதம்.

கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. உன் மதினிக்கு மாதம் ஏற ஏறக் கால் வீங்குகிறது. கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றுப் பாவியிருக்கிறோம்.

மாப்பிள்ளை உன்னைச் சந்தோஷமாக நாலு இடம் காட்ட நினைத்திருக்கிறார். அதைப் போய்ச் சந்தேகமாக எழுதுகிறாயே. மலைநாட்டில் ரோடு சரியும், உடனே சரியாக்கியும் விடுவார்கள். நான் நேரில் வந்து பார்த்துத்தானே உன்னைக் கொடுத்தேன்? தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, குடி கூத்து இல்லாமல் இருக்கிற மனுஷன். நம் பக்கத்தில் இப்படி ஒருத்தன் கிடைப்பானா?

ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரி விஷயங்களை எழுதாதே. மதினிக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தை விட்டுவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சி, தன் அண்ணனைப் பற்றி வீணாக நினைத்துக்கொள்வாள்.

அன்புள்ள அண்ணன்
நல்லகாமன்


அப்புத்தளை
10-10-1936

அண்ணன் அவர்களுக்கு ஜெயக்கொடி.

மதினிக்கு வாசிக்கும்போது எதற்கு விட்டீர்கள்? மலையைப் பார்த்தோம் என்பதில் மறைக்க என்ன இருக்கிறது? நீங்கள் அப்படி எழுதிய பிறகுதான் எனக்குச் சந்தேகம் கூடிவிட்டது.

போன கடிதத்தில் எழுதாததை இப்போது எழுதுகிறேன். நான் வந்த அன்று வாசலில் கோலம் கிடந்தது. அடுப்புச் சாம்பல் சுட்டது. அம்மி ஈரமாக இருந்தது, தொட்டுப் பார்த்தேன், கையெல்லாம் மிளகாய்க் காந்தல். ஆம்பிளை தனியாகச் சமைக்கிற வீட்டில் கோலம் யார் போட்டது என்று கேட்டேன். “சோணை சம்சாரம் வந்து ஒதுங்க வச்சுட்டுப் போச்சு” என்றாக. நேற்றுச் சோணை அண்ணன் அரிசி மூட்டை கொண்டு வந்தார். “ஒங்க வீட்ல சொகமா?” என்று கேட்டேன். “எனக்குக் கல்யாணமே ஆகலயே தங்கச்சி” என்றவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

இவுக என்னை அடிக்கவில்லை, வையவில்லை. நான் பரிமாறுகிற சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிடுகிறாக. ராத்திரி வாசலில் படுத்துக்கொள்கிறாக. இந்த வீட்டில் ஒருத்தி இருந்திருக்கிறாள் அண்ணே. நீங்கள் வந்தபோது எதுவும் கண்ணில் படவில்லையா?

ஜெயக்கொடி


கருமாத்தூர்
21-10-1936

தங்கச்சி ஜெயக்கொடிக்கு.

உன் கடிதம் பார்த்து எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தாயி, நீ விவரமான பிள்ளை, ஐந்து வகுப்புப் படித்தவள். ஆம்பிளை வருஷக்கணக்காகக் கடல் தாண்டித் தனியே கிடந்தால் ஒன்று இரண்டு இருக்கத்தான் செய்யும். தாலி உன் கழுத்தில்தானே இருக்கிறது? அவளும் அந்தப் பயலும் எங்கேயாவது பிழைத்துக்கொள்வார்கள். நம்ம சாதியா, சனமா, நாளைக்கு வந்து பாத்தியம் கேட்க? நீ தோண்டாதே. உனக்கும் ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

மதினி உனக்கு எள்ளுருண்டை செய்து வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணன்


அப்புத்தளை
4-11-1936

அண்ணன் அவர்களுக்கு.

பயல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெண் இருந்திருக்கிறாள் என்று மட்டுந்தான் நான் எழுதினேன். பிள்ளை இருப்பது எனக்கே தெரியாது. அது பையன் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சோணை அண்ணனிடம் போனேன். “எங்க இருக்காக, காட்டுங்க. இல்லாட்டி நான் ஊருக்குக் கேக்குற மாதிரி சத்தம் போட்டுக் கேப்பேன்” என்றேன். மலைக்கு அந்தப் பக்கம் கூலி வேலைக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் கடைசிக் காம்பரா என்றார்; அறையைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறாக. அந்தக் கல்பெஞ்சு இருக்கும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அன்றைக்குப் பனி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அன்று இவுக பார்த்த திக்கிலேயே பார்த்தேன். கடல் வேறு பக்கத்தில் இருந்தது. நேர் கீழே எங்கள் வீடு தெரிந்தது அண்ணே. வாசலும், கோழிக்கூடும், அதை விட்டு இறங்கிப் போகிற ஒற்றையடிப் பாதையும் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு மலை காட்டவில்லை. அவர்கள் போய்விட்டார்களா என்று பார்ப்பதற்காக, பனி விலகட்டும் என்று காத்திருந்திருக்கிறாக.

அவள் பெயர் தங்கப்பொண்ணு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பயம் இல்லை, அழுகையும் இல்லை. பையனுக்கு நாலு வயது இருக்கும். முகத்தைப் பார்த்தாலே போதும், யார் பிள்ளை என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

“வெள்ளனவே கெளம்பிருவேன்னு சொல்லியிருந்தேன். இவன் போயி கோழிக்கூட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டான். அப்பா வராம வரமாட்டேன்னு ஒரே அழுக. அவனப் புடிச்சு இழுத்துட்டுப் போக நேரமாயிருச்சு. அதுக்குத்தேன் சோணை ஓடியாந்து ஒங்கள மறிச்சாரு” என்றாள்.

“எங்க அண்ணன் வந்தப்ப நீ எங்க இருந்த?” என்று கேட்டேன்.

“எங்க இருப்பேன்? நாந்தேன் சோறு போட்டேன். மூணு நாளு இருந்தாக. கருவாட்டுக் கொழம்பு நல்லாருக்குன்னு ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டாக. இவனத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனாக. ஒரு தங்கச்சி இருக்குன்னு அப்ப எங்கிட்டச் சொல்லல.”

அவள் கையால் சாப்பிடும்போது சாதி தெரியவில்லையா அண்ணே?

இவுககிட்டக் கேட்டேன். மறுக்கவில்லை. “ஒங்க அண்ணன் எந்தங்கச்சியக் கட்டியிருக்காரு. பதிலுக்குப் பொண்ணு எடுக்கலன்னா அவ வாழாவெட்டியா வந்துருவான்னு எங்கப்பா சொன்னாரு. நான் என்ன செய்ய?” என்று சொல்லிவிட்டு, அந்தப் பையனை நினைத்தோ என்னவோ கண்ணைத் துடைத்துக்கொண்டாக. இரண்டு ஆம்பிளைகளும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டுதான் செய்திருக்கிறீர்கள். சொல்லாதது என்னிடமும் தங்கப்பொண்ணிடமும் மதினியிடமும்தான்.

நான் ஊருக்கு வாரேன்.

ஜெயக்கொடி


கருமாத்தூர்
14-11-1936

ஜெயக்கொடிக்கு.

உன் காலில் விழாத குறையாக எழுதுகிறேன். வராதே. நீ தாலியை அறுத்துக்கொண்டு வந்து நின்றால் அடுத்த நாளே என் மாமனார் வண்டி கட்டிக்கொண்டு வந்து சின்னத்தாயைக் கூட்டிப் போய்விடுவார். நிறைமாதமாகப் போகிறவள். உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். எனக்காக இல்லாவிட்டாலும் பிறக்கப்போகிற பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள். தையில் பிள்ளை பிறந்ததும் நானே வந்து ஒரு வழி செய்கிறேன். அதுவரை மதினிக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

நல்லகாமன்


கோரிப்பாளையம், மதுரை
8-12-1936

அண்ணன் அவர்களுக்கு.

நான் மதுரைக்கு வந்துவிட்டேன். எனக்குப் பாடம் சொன்ன டீச்சரம்மா இங்கே பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் சமையல் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். தங்க இடமும் அங்கேயே.

தாலியை அவுக கையிலேயே கழற்றிக் கொடுத்தேன். கிளம்புகிற அன்று காலையில் நானே லயத்துக்குப் போய்த் தங்கப்பொண்ணையும் பையனையும் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டேன். பையன் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினான்.

நீங்கள் பயந்தது நடக்காது. “எனக்கு இங்கே ஏற்கெனவே ஒருத்தியும் பையனும் இருக்கிறார்கள், உறவைத் தீர்த்துவிட்டது நான்தான், ஜெயக்கொடிமேல் குற்றம் இல்லை, சின்னத்தாயை யாரும் கூட்டிக்கொண்டு வரக் கூடாது” என்று அவுக அப்பாவுக்கு எழுத வைத்து, என் கையாலேயே தபாலில் போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினேன். மதினி அங்கேயே இருப்பாள். அவள் என்ன பாவம் செய்தாள்?

நீங்கள் என்னைப் பார்க்க வர வேண்டாம். நீங்கள் எது சொன்னாலும், அதில் எதை விட்டுவிட்டுச் சொல்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தேடத் தோன்றும். அப்படி ஒரு அண்ணனோடு எப்படிப் பேசிக்கொண்டிருப்பது?

ஜெயக்கொடி


கருமாத்தூர்
19-2-1937

என் தங்கச்சி ஜெயக்கொடிக்கு.

முன்னே போட்ட மூன்று கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இதையாவது படி.

தையில் பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். உன்னைப்போல நெற்றி. மாமனார் வந்து பார்த்தார், சின்னத்தாயை அழைக்கவில்லை. மாப்பிள்ளை எழுதியதை யாரையோ கொண்டு வாசித்துக் கேட்டதாக அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். “நீங்க பாக்கப் போனப்ப அந்தப் பொம்பளயும் புள்ளயும் அங்கதேன் இருந்தாகளா?” மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாக எழுந்து போய்விட்டேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நான் எங்கே போகிறேன், யாரோடு பேசுகிறேன், சந்தையில் என்ன விலை என்று நான் சொல்வதையெல்லாம் பக்கத்து வீட்டில் ஒரு தரம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்.

பிள்ளைக்குப் பெயர் வைக்க நாள் பார்த்தேன். “பேரு அத்தைதேன் கூப்புடணும்” என்றாள். “ஜெயக்கொடி வரமாட்டா” என்றேன். “அவுக வரமாட்டாக. நாந்தேன் போகணும்” என்றாள். “நானும் வாரேன்” என்று சட்டையை எடுத்தேன். “வேணாம்” என்றாள். “பொட்டப்புள்ளயாப் பொறந்திருக்கு. நாளைக்கு இதுக்கு மாப்ள பாக்க மட்டும் நீங்க போயிறாதீக.”

திங்கட்கிழமை காலை மதுரை பஸ்ஸில் பிள்ளையை முந்தானையில் போர்த்திக்கொண்டு ஏறியவள். இன்று வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அவள் எப்போது வருவாள் என்று கேட்கவில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் கூப்பிட்டாய் என்று மட்டும் ஒரு வரி எழுது.

நல்லகாமன்