மறுமலர்ச்சிப் பாடத்தில் நான் மறைத்த பக்கம்

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். எனக்குப் பாதகமானதையும்தான்.

இன்று தென்காசி நூலகத்தில் அந்தத் தடித்த ஐரோப்பிய வரலாற்று நூலை மறுபடி எடுத்தேன். சாரல் ஈரத்தில் தாள்கள் வாடை அடித்தன. சென்ற வருடம் இதே நாட்களில் நீ இருந்தாய்.

பள்ளியில் மறுமலர்ச்சி பற்றிச் சொற்போர் வைத்தார்கள். கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்ததும் கிரேக்க அறிஞர்கள் ஏடுகளோடு இத்தாலிக்கு ஓடிவந்தார்கள், இருண்ட ஐரோப்பா விழித்தது என்பது பாடநூல். அது என் கட்சி. நீ எதிர்க்கட்சி. முந்தைய ஞாயிறு குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே கேட்டாய்:

"ஏட்டி, ஒரு ஊரே ஒரே நாள்ல முழிச்சிருமா? அதுக்கு ரொம்ப முன்னாடியே அரபியில இருந்த கிரேக்க நூலுகள லத்தீன்ல மாத்திட்டாங்கன்னு வாப்பா சொல்லுதாக."

"ஒங்க வாப்பா ஜவுளி விக்காகளா, சரித்திரம் விக்காகளா?"

"ரெண்டையும் அளந்துதான் குடுக்காக" என்று சிரித்தாய்.

மறுநாளே நூலகத்துக்கு ஓடினேன். இருந்த ஒரே பிரதியை என் பெயரில் எடுத்தேன். நீ சொன்னது அதில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. படித்தேன். புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. மேடையில் நீ அதைச் சொன்னபோது, "ஆதாரம் எங்கே?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ உட்கார்ந்துவிட்டாய். பரிசு எனக்கு.

அடுத்த வாரம் உனக்கு டைபாய்டு என்றார்கள். பார்க்க வந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று வரவில்லை. பிறகு சொல்வதற்கு நீ இல்லை.

உனக்காக நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் உன் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"போட்டி அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒன் பேச்சுத்தான். 'எப்படிப் பேசுதா தெரியுமா உம்மா! அந்தப் புத்தகம் மட்டும் வரட்டும், அவள மடக்குதேன் பாருங்க'ன்னா. நூலகத்துல பேரு குடுத்து வச்சிருந்தா. காய்ச்சல்லயும், 'புத்தகம் வந்துட்டா'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா."

மறுமலர்ச்சி பற்றி அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. புது விடியல் என்கிறார்கள் சிலர். பழையதன் தொடர்ச்சி என்கிறார்கள் சிலர். எந்த நூலிலும் 'இங்கே தொடங்கியது' என்று வந்தால், அதுவரை அதை யார் வைத்திருந்தார்கள் என்று என்னை அறியாமல் கேட்கிறேன். அது நீ கேட்பது. உன்னிடம் ஒருமுறை, எல்லோர் முன்னாலும், தோற்க வேண்டும்போல் இருக்கிறது.

நூலகர் விளக்குகளை அணைத்துவிட்டார்.