தலையில் கோடு போட்ட இரண்டு

என் முதல் மாணவரான அன்பு பாவாவுக்கு,

நீங்கள் பாஸ். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கடிதத்தில் உங்கள் மனசு நிற்காது. நைனா அரக்கோணத்துக்குப் போய் பேப்பரை வாங்கி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். ரயிலில் நாலு பேரிடம் காட்டி உறுதி செய்துகொண்டாராம். அக்கா உங்கள் நம்பர் மேல் விரலை வைத்தாள், குழந்தை அழுகிற வரைக்கும் எடுக்கவில்லை.

நீங்கள் போய் முப்பத்தேழாம் நாள் அது. மூன்றாவது தடவை எழுதிப் பாஸான மனுஷர் அதைப் பார்க்க இல்லை என்றால் இது என்ன நியாயம் பாவா? மலைமேல் கோயிலில் இருக்கும் சாமியிடமும் இதையே கேட்டுவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். இரண்டுமே அந்தக் கனமூலக் கணக்கைப் பற்றித்தான்.

அக்கா பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்த மாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஓய்வு நாள் கிடைத்தால் போதும், அரக்கோணத்தில் ரயிலேறிவிடுவீர்கள். பெண்டாட்டியைப் பார்க்க மாப்பிள்ளை ஓடி வருகிறார் என்று தெருவே சிரித்தது. பையில் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் புத்தகம் இருந்தது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். இஞ்சினில் கரி அள்ளிப் போட்டு உங்களுக்குக் கண்ணெல்லாம் எரிச்சல். பாஸ் பண்ணினால் ஷெட் ஆபீசில் கிளார்க் வேலை கிடைக்கும். இரண்டு தடவையும் கணக்கு உங்களைக் கவிழ்த்துவிட்டது. நான் அப்போதுதான் ஐந்தாம் பாரத்தில் லாக் படிக்க ஆரம்பித்திருந்தேன், வகுப்பில் முதல் மார்க், தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

மாப்பிள்ளைக்கு மச்சினி பாடம் சொல்லித் தருவதா! மாப்பிள்ளை எதிரில் வந்து நிற்கவே கூசி, கதவுக்குப் பின்னாலிருந்து பேசுகிற அம்மா அதைக் கேட்டால் என்ன ஆவாள்? அதனால் நாம் ஒரு நாடகம் போட்டோம். வெளியில் செருப்புச் சத்தம் கேட்டால் பென்சில் உங்கள் கைக்குப் போய்விடும்.

"இன்னா சுலோ, இதுகூடவா தெரியல? எத்தினி தபா சொல்லிகினு இருக்கறது!" என்று அதட்டுவீர்கள்.

நான் திருதிருவென்று முழிக்க வேண்டும். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா அக்காவிடம் சொல்வது கேட்கும்: "கமலா, மாப்பிள்ளைக்குக் காப்பி குடுடி. பாவம், அந்த மக்குக்குச் சொல்லிக் குடுத்துத் தொண்டை காஞ்சிருக்கும்."

அம்மா காப்பி என்றதும் உங்களுக்கு வருகிற சிரிப்பை அடக்கத் தெரியாது. இருமுவீர்கள். அந்த இருமலைக் கேட்டு அம்மா சுக்கு தட்டிப் போட்டு இன்னொரு காப்பி அனுப்புவாள். கேலி போகட்டும், அந்த ஞாயிற்றுக்கிழமைகள்போல நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

ஏனென்றால் நீங்கள் கேள்வி கேட்டீர்கள். எங்கள் வகுப்பில் நாற்பது பேர். லாக் என்றால் என்ன என்று சார் எழுதிப் போட்டார், நாங்கள் எழுதிக்கொண்டோம். பத்துக்கு லாக் ஒன்று, நூறுக்கு இரண்டு, ஆயிரத்துக்கு மூன்று. அதாவது எத்தனை பத்தைப் பெருக்கினால் அந்த எண் வருமோ, அத்தனை. பெரிய எண்களைப் பெருக்க வேண்டுமா, லாக்கைக் கூட்டினால் போதும். இரண்டுக்கு லாக் 0.3010 என்று அட்டவணையில் இருந்தது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டோம்.

நீங்கள் போகவில்லை. "இரு இரு. பத்தை மூணு தபா பெருக்கலாம், புரியுது. அதென்ன அரை தபாவும் இல்லாம, கால் தபாவுக்குக் கொஞ்சம் மேல? அப்படி எப்படிப் பெருக்குவாங்க?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது பாவா. அட்டவணையில போட்டுக்கீது, அவ்ளோதான்" என்றேன். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வந்தால்தானே?

அடுத்த ஓய்வு நாளில் வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சுலோ, ரெண்டைப் பத்து தபா பெருக்கிப் பாரு" என்றீர்கள். பெருக்கினேன். ஆயிரத்து இருபத்துநாலு. "ஆயிரம்னா மூணு பத்து. பத்து ரெண்டு சேந்து கிட்டத்தட்ட மூணு பத்து ஆவுது. அப்ப ஒரு ரெண்டுல எவ்ளோ பத்து இருக்கும்? பத்துல மூணு பங்கு. பாயிண்ட் மூணு! அந்த இருபத்துநாலு மிஞ்சுது பாரு, அதுக்குத்தான் 0.3010-ல கடைசில ஒரு பத்து ஒட்டிகினு கீது." எங்கே யோசித்தீர்கள் என்று கேட்டேன். கரி போடும்போது என்றீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது பாவா. கூடவே பொறாமையும் வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

பிறகு ஒன்றைவிடச் சின்ன எண்கள் வந்தன. 0.04 மாதிரியானவை. அவற்றுக்கு லாக் எடுத்தால் புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்ணுக்குத் தலையில் ஒரு கோடு போட வேண்டும். அதற்குப் பெயர் பார். பார் இரண்டு என்றால் அந்த இரண்டு மட்டும் மைனஸ், புள்ளிக்குப் பின்னால் இருப்பது பிளஸ். 0.04-க்கு வர்க்கமூலம் காண வேண்டுமானால் அதன் லாக்கை இரண்டால் வகுக்க வேண்டும். பார் இரண்டில் பாதி பார் ஒன்று. மிச்சத்தில் பாதி மிச்சம். விடை 0.2 என்று அழகாக வந்தது. சார் அதுவரைதான் நடத்தியிருந்தார்.

"இதே 0.02-க்குக் கனமூலம் கேட்டா?" என்றீர்கள் நீங்கள்.

சார் இன்னும் நடத்தவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? அகராதி பிடித்தவள் நான். "பார் ரெண்டுல மூணு போவாது. அதனால சைபர். சைபருக்கு எதுக்குக் கோடு? எடுத்துடுங்க. அந்த ரெண்டை அடுத்த எண்ணோட சேத்து வகுத்துகினு போங்க" என்றேன். 0.7670 வந்தது. அட்டவணையில் திரும்பிப் பார்த்து 5.848 என்று விடை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். நீங்கள் அதைப் பத்திரமாக நோட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

புதன்கிழமை சார் கனமூலம் நடத்தினார். பார் இரண்டை மூன்றால் வகுக்க முடியாவிட்டால் அதைப் பார் மூன்று ஆக்கிக்கொள். கூடுதலாகக் குறைத்த அந்த ஒன்றைப் புள்ளிப் பக்கம் சேர்த்துவிடு. இப்போது இரண்டையும் வகுக்கலாம். விடை 0.2714. உடனே நோட்டைத் திருப்பிப் பெருக்கிப் பார்த்தேன். 5.848-ஐ மூன்று தடவை பெருக்கினால் இருநூறு வருகிறது, கேட்டதோ 0.02! நாலாவது படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு அது. ஆனால் அன்றைக்குத்தான் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். புத்தூரிலிருந்து உங்கள் அண்ணா, அண்ணி, இன்னும் ஏழெட்டுப் பேர். இலை எடுத்த பிறகு உங்கள் அண்ணா, "என்னமோ மச்சினிக்குப் பாடம் நடத்துறியாமே, எங்க நடத்து பாக்கலாம்" என்று கிண்டலடித்தார். நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள். வேறு ஆயிரம் கணக்கு இருக்க, அதே கணக்கு. அதே சைபர். "விடை அஞ்சு பாயிண்ட் எட்டு நாலு எட்டு! புரிஞ்சுதா சுலோ?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தால் உங்கள் அண்ணா எதிரில் உங்களுக்கு மானக்கேடு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மீதிப் பாதி, சொல்லிக் கொடுத்தவளே தப்பு என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்கிற பயம். "ஆங், புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீங்கள் ரயிலுக்குக் கிளம்பியிருந்தீர்கள். மறுநாள் ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த மாதிரிக் கணக்கு எங்கே வரப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வந்தது. அதே 0.02 வந்தது.

பரீட்சை முடிந்து நீங்கள் வந்த அன்று கேட்டேன், "அந்தக் கணக்கை எப்படிப் போட்டீங்க பாவா?" என்று. "நீ சொன்ன மாதிரியேதான்" என்றீர்கள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே. அதற்கு மேல் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். காய்ச்சலில் கிடக்கிறவரிடம் போய் நீங்கள் ஃபெயில், அதுவும் என்னால் என்று எப்படிச் சொல்வது? நன்றாகி வரட்டும் என்று விட்டேன். நீங்கள் வரவில்லை.

நேற்று அக்கா உங்கள் பெட்டியைத் திறந்தாள். கோட்டின் உள்பையில் அந்தக் கேள்வித்தாள் இருந்தது. நாலாய் மடித்து, ஓரமெல்லாம் கரி விரல். கனமூலக் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் குட்டிக் குட்டியாக எழுதியிருந்தீர்கள். முதலில் 5.848. அதன் கீழே 5.8-ஐ மூன்று தடவை பெருக்கி 195. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. 5.848-ன் மேல் ஒரு அடித்தல் கோடு. அப்புறம் பார் இரண்டை அடித்து பார் மூன்று, புள்ளிக்கு முன்னால் ஒன்று. 0.2714. அதோடு விட்டீர்களா? 0.27-ஐ மூன்று தடவை பெருக்கி, 0.0197 என்று சரிபார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறீர்கள்.

யாரும் சொல்லித் தராமல், மணி ஓடிக்கொண்டிருக்கும் ஹாலில், நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள்! கேள்வித்தாளை வைத்துக்கொண்டு நான் கூத்தாடினேன் பாவா. "அக்கா, பாவா சரியா போட்டுக்கீறாரு!" என்று கத்தினேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். முதல் தடவையாக முழுக் கதையையும் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா கோட்டை மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியுமேடி" என்றாள். "பேர் வெச்ச அன்னிக்கே உன் மூஞ்சி சரியில்லன்னு சொன்னாரு. பரீட்சை முடிச்சு வந்தப்ப எல்லாத்தையும் சொன்னாரு. நீ போய் அவகிட்ட எதுவும் கேட்டுக்காத, அவளே வந்து சொல்லுவா பாருன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? பாத்துகினு இருந்தாரு."

இதுதான் என் கேள்வி பாவா. எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? ஆஸ்பத்திரியில் நான் கட்டில் ஓரத்தில் வந்து நின்றபோதெல்லாம் என் வாயையே பார்த்தீர்களே, அதற்காகவா? காய்ச்சல் மயக்கம் என்றல்லவா நினைத்தேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். குழந்தை குப்புற விழுகிறான், நிமிரத் தெரியாமல் அழுகிறான். நம் ஊர் ஆந்திராவா மதராசா என்று இன்னும் ஊர்வலம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நைனா நம் கடையில் இரண்டு பக்கத்துக் கூட்டத்துக்கும் தேங்காய் விற்கிறார். முக்கியமான சேதி ஒன்று: எட்டாவதோடு நின்ற அக்கா இன்று காலை உங்கள் கணக்குப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "எனக்குச் சொல்லிக் குடு. நானும் எழுதிப் பாக்கறேன்" என்றாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இது என்ன புதுக்கூத்து என்று அம்மா கேட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து இல்லை, நேரில் வந்து நின்று கேட்டாள். இப்போது அவள் ஒளிந்து பேச வீட்டில் யாரும் இல்லை.

சொல்லிக் கொடுப்பேன் பாவா. தெரியாததைத் தெரியாது என்பேன். தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கே, புத்தூர் ஜனம் மொத்தமும் கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும், எழுந்து நின்று தப்பு என்பேன். யாரையும் இனிமேல் காத்திருக்க வைக்கமாட்டேன். பாவா, 5.848 தப்பு. நான்தான் தப்பாகச் சொன்னேன்.

உங்கள் மக்கு மச்சினி,
சுலோச்சனா