உபயம் எழுதாத தண்ணீர்

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை முழுவதும் ஆங் மோ கியோ வட்டாரத்தில் அலைச்சல். விளையாட்டரங்கு வாசலில் ஒரு வாட்டர் கூலர், நன்றாக வேலை செய்கிறது. பூங்காவில் ஒன்று, அழுத்தினால் இருமுகிறது, தண்ணீர் வரவில்லை. உணவங்காடிப் பக்கம் இருப்பதில் எவனோ மீ கோரெங் தட்டைக் கழுவி நூடுல்ஸை அப்படியே விட்டுப் போயிருக்கிறான். சனியன். அதையும் படம் எடுத்து வரைபடத்தில் போட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர், "விலகுங்க விலகுங்க, குழாய் மகாராணி வர்றாங்க" என்று சோபாவிலிருந்து எழுந்து நின்றார். எனக்குக் கோபம் வந்ததைப்போல் காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிற எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது போன வருட விளையாட்டு விழாவன்று. மைதானம் முழுக்கப் பிளாஸ்டிக் பாட்டில்கள், பாதி குடித்தவை, சில மூடிகூடத் திறக்காதவை. குழாயில் வருவதே குடிக்கிற தண்ணீர், இந்த ஊரில் எதற்கு இதை வாங்குகிறோம்? மகள் லக்ஷனாவிடம் புலம்பினேன். அவள் கிளமெண்டி விடுதி அறையில் உட்கார்ந்தபடியே ஒரு வலைப்பக்கத்தைச் செய்து கொடுத்துவிட்டாள். ஓசித் தண்ணீர் எங்கெல்லாம் கிடைக்கும் என்று நான் புள்ளி வைக்க வேண்டியது, மற்றவர்கள் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டியது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று தேக்கா, நம்மவர்கள் கடைத்தெரு. நடந்து நடந்து கால் போய்விட்டது, கடைசியில் சம்சுன்னிசா அக்கா கடையில் போய் விழுந்தேன். லக்ஷனா பிறப்பதற்கு முன்பிருந்தே என் ஜாக்கெட் எல்லாம் அவர் கைதான். உட்காருவதற்குள் டம்ளரில் ஜில்லென்று தண்ணீர் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. கடைக்கு வெளியே, ஐந்தடி நடைபாதையின் ஓரத்தில், அவர் வைத்திருக்கிற அந்தக் கூலர்! எத்தனை வருடமாகப் பார்க்கிறேன், என் மரமண்டைக்கு ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே வருகிற கட்டுமானத் தம்பிகள் எல்லாம் அதில்தான் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். இன்று கேசவன் என்று ஒருவன், புதுக்கோட்டைக்காரன், "இது மட்டும் இல்லைன்னா ஒவ்வொரு வாரமும் பாட்டில் வாங்கியே போண்டியாயிருப்போம்க்கா" என்றான்.

அக்காவிடம் கேட்டேன். அவர் கணவர் நூர்தீன் பாய் மவுத்தானபோது அவர் பேரில் வைத்ததாம். இத்தனை நாள் பழக்கத்தில் இன்றைக்குத்தான் சொல்கிறார்.

"என் மேப்புல போடட்டுமாக்கா?"

"வேணாம்மா. விடு."

"ஏங்க்கா, நல்ல விஷயம்தானே?"

"வேணாம் குணா. தாகத்துல வர்றவங்களுக்கு வழி தெரியும்."

சொல்லிவிட்டுத் தையலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். என்ன அடக்கம்!

பிப்ரவரி 17, திங்கள்

போட்டுவிட்டேன்.

சாப்பிடும்போது நாம் வேண்டாம் வேண்டாம் என்கிறோம், பரிமாறுகிறவர் அதைக் கேட்டுக்கொண்டா இருக்கிறார்? இன்னொரு கரண்டி வைத்தால்தான் மரியாதை. அக்கா சொன்ன வேண்டாமும் அப்படித்தான். எங்கள் கோவிலில் ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தால்கூட, வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயம் இன்னார் என்று எழுதி வைப்பார்கள். இவ்வளவு பெரிய புண்ணியத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா?

கூலரின் படம், கீழே: "உபயம்: சம்சுன்னிசா, கணவர் நூர்தீன் நினைவாக." கூடவே நாலு வரியில் அவர் கதை. எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

இவர் எட்டிப் பார்த்தார். "அவங்ககிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

பொய் இல்லையே. கேட்டேன்தானே?

பிப்ரவரி 25, செவ்வாய்

லக்ஷனா ஓயாமல் செய்தி அனுப்புகிறாள் – நான் எழுதியதை யார் யாரோ பகிர்ந்திருக்கிறார்கள், அக்கா கதையைப் படித்து அழுதோம் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். அலுவலகத்தில் பிரசாந்தி கேக் வாங்கி வந்தாள். இன்றைக்கு என்னைப் பிடிக்க ஆளில்லை!

மார்ச் 9, ஞாயிறு

அக்கா கடைப் பக்கம் போனேன். நோன்பு மாதம், அவர் ஒரு சொட்டுக் குடிக்காமல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். வெளியே ஒரே கூட்டம். சைக்கிள் குழு ஒன்று, இறுக்கமான உடுப்பு, ஹெல்மெட், பாதையை அடைத்து சைக்கிள்கள். ஒருவர் பின் ஒருவராகக் கூலரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கடைக்குள்ளேயே வந்து, "ஆன்ட்டி, நீங்கதானே அவங்க? ஒரு போட்டோ, ப்ளீஸ் லா" என்று அக்கா தோளில் கை போட்டாள்.

அக்கா சிரிக்கவில்லை.

கேசவனும் அவன் கூட்டாளிகளும் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்கள். கூட்டம் கலைந்தபிறகு வந்தார்கள், அதற்குள் கூலரில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. நான் அக்காவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர், "நேரமாச்சு குணா, நீ கிளம்பு" என்றார். டம்ளர் வரவில்லை. நோன்பு, மறந்திருப்பார் – போன வருட நோன்பில் வந்ததே?

மார்ச் 14, வெள்ளி

அக்கா போன் செய்தார். யாரோ கூலரையும் சைக்கிள்களையும் படம் எடுத்து, பாதையில் நடக்க முடியவில்லை என்று புகார் கொடுத்துவிட்டார்களாம். அதுவரை கண்டும் காணாமல் இருந்த கட்டட உரிமையாளர் எடுக்கச் சொல்லிவிட்டார். அவரையும் என்ன சொல்வது? எல்லாருக்கும் தெரிந்துபோன பிறகு அவர் எப்படித் தெரியாததுபோல் இருப்பார்?

"நான் பேசறேன்க்கா, கடிதம் எழுதறேன்" என்றேன்.

"நீ எழுதினது போதும்மா." வைத்துவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

கூலர் இல்லை. தரையில் அது நின்ற இடம் மட்டும் சதுரமாக வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

அக்கா திட்டுவார் என்று போனேன். திட்டியிருக்கலாம். துணியைக் கத்தரித்துக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

"கூலரு போனா போகுது குணா. அவரு பேரை ஏம்மா எழுதின? அல்லாஹ்வுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னுதான் வெச்சேன். என் புள்ளைங்ககிட்டகூடச் சொல்லல. உன்கிட்டத்தான் வாய் விட்டேன்."

"மன்னிச்சிருங்கக்கா. உங்களுக்கு நல்ல பேர் வரட்டும்னு –"

"பேர் வந்துச்சே."

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அவங்க வேணாம்னு சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. என் காதுல ஏன் விழல? எனக்குக் கைதட்டல் வேணும்னு இருந்தது, அவங்க பேரைச் சொல்லி நான் வாங்கிக்கிட்டேன். அதுதான் உண்மை.

மார்ச் 17, திங்கள்

அந்தப் புள்ளியை அழித்துவிட்டேன். லக்ஷனாவிடம் சொன்னேன். "அம்மா, மத்தவங்க நிறைய பேர் காப்பி பண்ணி அவங்க பேஜ்ல போட்டுட்டாங்கம்மா. அதையெல்லாம் நம்மால எடுக்க முடியாது."

நூர்தீன் பாயின் பெயர் எங்கெங்கோ கிடக்கிறது. நான் போட்டது.

மார்ச் 23, ஞாயிறு

தேக்கா வரை போனேன். கடைக்குப் போகவில்லை. மூலையில் இருக்கும் குப்பைத்தொட்டி பிளாஸ்டிக் பாட்டில்களால் நிரம்பியிருந்தது, கீழேயும் கிடந்தன. ஆரம்பித்தது எதற்கு, முடிந்தது எங்கே?

மார்ச் 31, திங்கள்

பெருநாள். வருடா வருடம் வரும் பிரியாணி டப்பா வரவில்லை. இவர் இரண்டு முறை வாசலைப் பார்த்தார், நான் ரசம் வைத்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு ஜாக்கெட் துணியைச் சாக்காக எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன்.

"வாம்மா, உட்காரு" என்றார். அளவு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டார், எப்போது வேண்டும் என்று கேட்டார், லக்ஷனாவின் பரீட்சையை விசாரித்தார். எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. எல்லா வாடிக்கையாளரிடமும் அப்படித்தான் பேசுவார்.

பெண்களுக்கு மட்டும் தைக்கிற கடையில், கம்பி முழுக்க ஆண்களின் கால்சட்டைகள் தொங்கின.

"இப்ப பேன்ட்டும் எடுக்கறீங்களாக்கா?"

"சும்மா, உயரம் குறைக்கறதுதான்."

பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாட்டில் நிறைகிற சத்தம். அது எனக்குத் தெரியாதா? நிறைய நிறைய மாறும், கழுத்துக்கு வரும்போது நின்றுவிடும். நின்றது. யாரும் வெளியே வரவில்லை. அக்கா மெஷினை வேகமாக ஓட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது, கூலர் திரைக்குப் பின்னால் போயிருக்கிறது, கால்சட்டை உள்ளே வர ஒரு சாக்கு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல. சந்தோஷத்தில் வெட்கம்கெட்டுப்போய்க் கேட்டும்விட்டேன்.

"தொண்டை வறண்டு போச்சுக்கா."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எதிர்க் கடையில பாட்டில் இருக்கும்மா. நல்லா ஜில்லுனு இருக்கும்."

போனேன். வாங்கினேன். இந்தப் பைத்தியம் பிடித்த பிறகு நான் வாங்கிய முதல் பிளாஸ்டிக் பாட்டில். அங்கேயே நின்று குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா கடையிலிருந்து கேசவன் வெளியே வந்தான், தோளில் மடித்த கால்சட்டை, கையில் நிறைந்த பாட்டில். நான் போகட்டும் என்று உள்ளேயே காத்திருந்திருக்கிறான். எதிரில் என்னைப் பார்த்ததும், "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே பாட்டிலைக் கால்சட்டைக்குள் சுருட்டிக்கொண்டான்.

நல்லா இருக்கேன்ப்பா என்றேன்.

வீட்டுக்கு வந்து காலி பாட்டிலைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். இவர் அதையும் என் முகத்தையும் பார்த்தார். பிறகு அதை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.