நீல நிறத்தில் ஆரியசாலை

செவ்வாய், மீன (பங்குனி) மாதக் கடைசி

வினோத் இன்று என் முகத்தைப் பார்க்காமலேயே பொய் சொன்னான்.

நகரத்தின் வெப்ப வரைபடத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தயாரித்தோம். செயற்கைக்கோள் படத்தில் ஆரியசாலைக் கடைத்தெரு நீலமாக, அதாவது குளிர்ச்சியாக விழுந்தது. காரணம் இருவருக்கும் தெரியும். பளபளக்கும் தகரக் கூரை கொதித்தாலும் மேலிருந்து பார்க்கையில் குளிர்ந்ததாகத்தான் தெரியும். போன வாரம் அங்கே என் அண்ணன் கடையின் தகரக் கூரை போட்ட மாடிக்கு அவனைக் கூட்டிப்போனேன். "ஐயோ, இங்க நிக்கப் பற்றாது, ஒரு நிமிஷம்கூட முடியாது" என்று சட்டை நனைய இறங்கி ஓடினான். இதைத் திருத்தாமல் மேப் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தவனும் அவன்தான்.

இன்றைய கூட்டத்தில் மாநகராட்சி அதிகாரி கேட்டார்: "ஆரியசாலை இவ்வளவு கூலா?"

"டேட்டா அப்படித்தான் சார்" என்றான் வினோத்.

நான் எழுவதற்குள் திரையில் அடுத்த படம் வந்துவிட்டது. மேப்பில் சிவப்பான இடங்களுக்கு மட்டும் வெப்பம் குறைக்கக் கூரையில் வெள்ளைப் பூச்சு என்று முடிவானது.

வெளியே பிடித்துக் கேட்டேன். "அதச் சொன்னா மொத்த மேப்பையும் சந்தேகப்படுவாங்க கேட்டோ. அடுத்த தடவ சரியாக்கலாம்" என்றான். அடுத்த தடவையாம். அந்த மாடியில்தான் கடை ஆட்கள் படுக்கிறார்கள். அவனுக்கும் தெரியும்.

போதாததற்கு, கள ஆய்வு என்று மேப்பின் அடியில் என் பெயரை மட்டும் போட்டிருக்கிறான்.

வாட்ஸ்அப்பில் வந்த மேப்பை அண்ணன் பெரிதாக்கிப் பார்த்தான். "உன் பேரு போட்டிருக்கே!" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். நீலம் என்றால் என்ன என்று இன்னும் கேட்கவில்லை.